கடைக்கு முன் ஆய்வுக்கூடம்

"அமெரிக்காவில் கஞ்சாவைக் கடையிலேயே விற்கிறார்களாமே! அப்படியானால் அது கெடுதல் இல்லை என்றுதானே அர்த்தம்?"

படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கு நரம்பு மண்டலத்தையும் போதைப்பொருளையும் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்ட மாணவனை அதட்டி உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவன் பதிலைக் கைப்பேசியில் தேடுவான். அங்கே யார் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்வோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு தடை செய்த பொருளை அந்நாட்டின் ஒரு மாநிலம் மட்டும் கடையில் விற்க அனுமதிப்பது, அந்தப் பொருளைப் பற்றிய அறிவியல் கேள்விக்குப் பதில் ஆகாது. ஆராய்ச்சிதான் அந்தப் பதிலைத் தரும். அதனால் ஆய்வுக்கூடத்தைத் திறக்க வேண்டும். கடையைத் திறக்கக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனிப் பார்ப்போம்.

ஒரே மண்ணில் இரண்டு சட்டம்

அமெரிக்க மத்திய அரசு 1970-இல் கொண்டுவந்த சட்டத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. மருத்துவப் பயன் இல்லாதது, தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம் என்பது அந்தப் பட்டியலின் பொருள். அந்தச் சட்டம் அப்படியே இருக்க, 2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்களின் மக்கள் வாக்களித்து, பெரியவர்கள் பொழுதுபோக்குக்காகக் கஞ்சா பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். 2014 ஜனவரி 1-ஆம் தேதி கொலராடோவில் கடைகள் திறந்தன. 2023 முடிவதற்குள் இப்படி அனுமதித்த மாநிலங்களின் எண்ணிக்கை 24 ஆகிவிட்டது.

அதாவது, ஒருவர் கடையில் கஞ்சா வாங்குவது மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. அதே நேரத்தில், அதே இடத்தில், மத்தியச் சட்டப்படி குற்றம். இதனால் பல வங்கிகள் இந்தக் கடைகளின் பணத்தைத் தொடவே தயங்கின.

இந்த முறையை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். "மாநிலங்கள் ஆய்வுக்கூடங்களைப் போன்றவை. ஒரு மாநிலம் புதிய கொள்கையைச் சோதித்துப் பார்க்கட்டும். நல்லது நடந்தால் மற்றவர்கள் பின்பற்றலாம். கெட்டது நடந்தால் பாதிப்பு அந்த மாநிலத்தோடு நின்றுவிடும்." அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ் 1932-இல் ஒரு வழக்கில் எழுதிய கருத்து இதற்கு மூலம். அந்த வழக்குக்கும் கஞ்சாவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வாதம் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

கேட்க அழகான வாதம்தான். நாம் அறிவியல் படிப்பவர்கள். ஒருவர் "இது பரிசோதனை" என்று சொன்னால், படிவம் 1-இல் கற்ற விதிகளை வைத்து அதைச் சரிபார்க்க வேண்டாமா?

முதல் விதி: மாறாமல் வைத்திருக்க வேண்டியது மாறக் கூடாது

எந்தப் பரிசோதனையிலும் நாம் மாற்றும் மாறி ஒன்று, அளக்கும் மாறி ஒன்று, மாறாமல் வைத்திருக்கும் மாறிகள் சில. உப்புக் கரையும் வேகத்தை அளக்கும்போது, பாதியில் யாராவது உப்பை எடுத்துவிட்டுச் சீனியைப் போட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது.

கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருள் டி.எச்.சி. என்னும் மூலக்கூறு. இதைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பை 1964-இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம், யெகியேல் காவ்னி ஆகிய விஞ்ஞானிகள். அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் சராசரி டி.எச்.சி. அளவு 1995-இல் சுமார் 4 விழுக்காடு. 2014-இல் சுமார் 12 விழுக்காடு. கடைகள் வந்த பிறகு, செடியிலிருந்து சாற்றைப் பிரித்து அடர்த்தியாக்கிய பொருள்களும் விற்பனைக்கு வந்தன. அவற்றில் டி.எச்.சி. 60 விழுக்காட்டையும் தாண்டும்.

பெயர் கஞ்சா என்றுதான் இருக்கிறது. ஆனால் 1970-களில் ஒருவர் புகைத்ததும் இன்று கடையில் கிடைப்பதும் அளவில் வேறு வேறு பொருள்கள். "என் தாத்தா காலத்தில் புகைத்தவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்" என்னும் பேச்சு இங்கேதான் அடிபடுகிறது.

இரண்டாம் விதி: அளக்க முடிய வேண்டும்

1968 முதல் 2021 வரை, மத்திய அரசின் அனுமதியோடு ஆராய்ச்சிக்கான கஞ்சாவைப் பயிரிட்ட இடம் அமெரிக்கா முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான்: மிசிசிப்பி பல்கலைக்கழகம். கடைகளில் விற்கும் பொருளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாங்கித் தங்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்து ஒருவருக்குக் கொடுத்துச் சோதிக்க முடியாது. அது மத்தியச் சட்டத்தை மீறும் செயல். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதிக்கே ஆபத்து.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் பௌல்டர் வளாக ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வேனை நடமாடும் ஆய்வுக்கூடமாக மாற்றி, ஆய்வில் சேர்ந்தவரின் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். அவர் தானே கடையில் வாங்கியதைத் தன் வீட்டுக்குள் பயன்படுத்திவிட்டு வேனுக்கு வருவார். அங்கே இரத்தம் எடுப்பார்கள். நினைவாற்றலையும் உடல் சமநிலையையும் சோதிப்பார்கள். ஆய்வாளர்கள் கஞ்சாவைத் தொடவே மாட்டார்கள்.

அவர்களின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதை ஆராய வேண்டியவர் மட்டும் தொட முடியாது. மாநிலம் கடையைத் திறந்தது. மத்தியச் சட்டம் ஆய்வுக்கூடத்தைப் பூட்டி வைத்திருந்தது. எதைத் திறக்க வேண்டுமோ அது மூடியே இருந்தது.

மூன்றாம் விதி: சம்மதம் இல்லாதவர் பரிசோதனையில் இருக்கக் கூடாது

மருந்து ஆய்வில் சேருபவரிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்குவார்கள். கடைகள் திறந்தபோது யாரிடமும் கேட்காமல் ஒரு கூட்டம் இந்தப் "பரிசோதனையில்" சேர்ந்துவிட்டது. அவர்கள் குழந்தைகள்.

சாக்லேட், மிட்டாய், பிஸ்கட் வடிவில் கஞ்சா கலந்த தின்பண்டங்கள் வந்தன. அமெரிக்க நச்சு மையங்களுக்கு வந்த தகவல்களின்படி, 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இவற்றைத் தெரியாமல் தின்ற சம்பவங்கள் 2017-இல் 207, 2021-இல் 3,054. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 15 மடங்கு.

புகைத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போகிறது. தின்றால் குடல், கல்லீரல் வழியாகச் சுற்றிப் போகிறது. விளைவு தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்களே இன்னொரு துண்டைத் தின்றுவிடுகிறார்கள். மிட்டாய் என்று நினைக்கும் குழந்தை ஒரு துண்டோடு நிறுத்துமா?

இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு நம் நாட்டில் ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் வேறெங்கும் இல்லை, நம் பினாங்கில்தான் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் அது இயங்குகிறது.

நான்காம் விதி: தவறாகப் போனால் நிறுத்த முடிய வேண்டும்

ஆய்வுக்கூடத்தில் ஏதாவது தவறாகப் போனால் அடுப்பை அணைக்கலாம். கடை அப்படியல்ல. முதலீடு, வேலைவாய்ப்பு, வரி என்று ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

நம் பக்கத்து நாட்டையே பாருங்கள். தாய்லாந்து 2022 ஜூன் 9-ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. அது மாநில அளவில் அல்ல, நாடு முழுவதற்குமான முடிவு. ஆனால் முழுமையான கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இருந்தால்தான் கஞ்சாப் பூ விற்கலாம் என்று அரசு உத்தரவிட்டது. இடையில் கடன் வாங்கிக் கடை போட்டவர்களும், பழக்கத்துக்கு ஆளானவர்களும் என்ன செய்வார்கள்?

இதைவிடப் பழைய பாடம் நம் ஜோர்ஜ்டவுனிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு பணம் சேர்த்தது. 1910-இல் அந்த வணிகத்தைத் தானே எடுத்து நடத்தியது. அரசு வருமானத்தில் அபின் பணத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. அதனால் அதன் கெடுதல் தெரிந்தும் விட மனமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் முழுத் தடை வந்தது.

அந்த அபினை எதிர்த்து நின்றவர் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த மருத்துவர் வூ லியன் தே. அவர் 1906-இல் அபின் எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டினார். மறு ஆண்டு அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டு, மருத்துவத்துக்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபின் கரைசலைக் காட்டி அவருக்கே அபராதம் விதித்தார்கள். ஊரெல்லாம் உரிமத்தோடு அபின் விற்றது. மருத்துவர் கையில் இருந்தது குற்றமானது. பின்னாளில் அவர் சீனாவின் மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றார். கடை முந்திக்கொண்டு அறிவியல் பின்னால் தள்ளப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

எதிர்த் தரப்பையும் கேட்போம்

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது அறிவியல் ஆகாது. கடைகளைத் திறந்த அமெரிக்க மாநிலங்களில், சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகி வாழ்க்கையைத் தொலைக்கும் இளைஞர்களின் எண்ணிக்கை குறைந்தது. அது உண்மையான நன்மை. பள்ளி மாணவர்களிடையே பயன்பாடு பலர் அஞ்சியபடி திடீரென்று எகிறவில்லை என்றும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் முதல் நன்மையைப் பெறக் கடை தேவையில்லை. பழக்கத்துக்கு ஆளானவரைக் குற்றவாளியாக அல்லாமல் நோயாளியாக நடத்தினால் போதும். இரண்டாவது, பயன்பாடு கூடவில்லை என்பது, பயன்படுத்துபவருக்குப் பாதிப்பு இல்லை என்று சொல்லவில்லை. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

உங்கள் மூளைக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்றால் நம்புவீர்களா? 1992-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மூலக்கூறுக்கு "ஆனந்தமைட்" என்று பெயர். ஆம், நாம் சொல்லும் அதே ஆனந்தம்தான். சமஸ்கிருதச் சொல்லிலிருந்து விஞ்ஞானிகள் எடுத்தார்கள்.

நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில், ஓர் அணு மற்றதற்குச் செய்தி அனுப்பும்போது, பெற்றுக்கொண்ட அணு "போதும், குறைத்துக்கொள்" என்று பின்னோக்கி ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைக் கொண்டு போவது ஆனந்தமைட் போன்ற மூலக்கூறுகள். தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் அளவு மட்டும் சுரந்து, உடனே சிதைந்துவிடும். டி.எச்.சி. அதே பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. அது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நுழைகிறது, நெடுநேரம் தங்குகிறது. நினைவாற்றல், உடல் சமநிலை, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் இந்தப் பூட்டுகள் ஏராளம்.

முடிவெடுக்கும் திறனுக்குரிய முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய 25 வயது அளவில் ஆகிறது. உங்கள் வயதில் தேவையற்ற நரம்பு இணைப்புகள் கழிக்கப்பட்டு, தேவையானவை வலுப்பெறுகின்றன. வீட்டில் மின்கம்பி இழுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது யாராவது கம்பிகளை ஆட்டிவிட்டால் எப்படி இருக்கும்?

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973-இல் பிறந்த 1,037 பேரை விஞ்ஞானிகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பதின்ம வயதில் கஞ்சாவைத் தொடங்கி விடாமல் பழகியவர்களின் அறிவுத்திறன் எண், 13 வயதுக்கும் 38 வயதுக்கும் இடையில் சராசரியாக 8 புள்ளி குறைந்தது. இது 2012-இல் வெளியானது. ஆனால் 2016-இல் அமெரிக்க இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வில், கஞ்சா பழகியவருக்கும் பழகாத உடன்பிறப்புக்கும் இடையே அத்தகைய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் குறைவுக்குக் காரணம் கஞ்சாவா, குடும்பச் சூழலா? கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, நிரூபணம் ஆகவில்லை" என்று சிலர் குதிக்கலாம். ஆபத்து நிரூபணம் ஆகவில்லை என்பதும் பாதுகாப்பு நிரூபணம் ஆகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. அதனால்தான் பொழுதுபோக்குக் கஞ்சாவை அனுமதித்த அமெரிக்க மாநிலங்கள் அத்தனையும் குறைந்தபட்ச வயதை 21 என்று வைத்தன. கடைகளைத் திறந்த தாய்லாந்தும் 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கத் தடை விதித்தது. "அங்கே அனுமதி உண்டே" என்று சொல்லும் மாணவரே, அங்கேயும் உங்களுக்கு அனுமதி இல்லை!

நம் நாட்டில் எப்படி?

கொலராடோவைப் போலப் பினாங்கும் தனியாக முடிவெடுக்க முடியுமா? முடியாது. நச்சுப் பொருள், அபாயகர போதைப்பொருள் ஆகியவற்றைக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை மத்திய அரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் மாநிலங்கள் எதிர்த் திசையில் மட்டும் சற்று நகர முடியும். மின்சிகரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியச் சட்டம் அதைக் கட்டுப்பாடுகளோடு பெரியவர்களுக்கு விற்க அனுமதிக்கிறது. ஆனால் ஜொகூர், கிளந்தான், திரெங்கானு போன்ற மாநிலங்கள் வணிக உரிம அதிகாரத்தைக் கொண்டு விற்பனையைத் தடுத்தன.

கஞ்சாவைப் பொறுத்தவரை, 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. 200 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டாலும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கிறது. உட்கொண்டதற்கு 15-ஆம் பிரிவின் கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹட்யாய் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டி.எச்.சி. கொழுப்பில் கரையும் பொருள். உடலின் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும். எப்போதாவது பயன்படுத்தியவரின் சிறுநீரில் சில நாள்களும், தினமும் பயன்படுத்தியவரின் சிறுநீரில் சில வாரங்களும் அதன் தடயம் தெரியலாம். எந்த நாட்டில் தின்றீர்கள் என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லாது.

ஆய்வுக்கூடத்தைத் திறப்போம்

கடை வேண்டாம் என்பதால் ஆராய்ச்சியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கஞ்சாச் செடியிலேயே போதை தராத சி.பி.டி. என்னும் மூலக்கூறு இருக்கிறது. மருந்துக்கும் வெற்றுப் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை முறையாகச் சோதித்த பிறகு, குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வகை வலிப்பு நோய்களுக்கு அதை மருந்தாக 2018 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. அந்தக் குழந்தைகளுக்கு மருந்தைக் கொண்டு சேர்த்தது முறையான ஆய்வு.

அதே வழியில் நடந்த உதாரணம் நம் பினாங்கிலும் உண்டு. வடமாநிலக் கிராமங்களில் தெரிந்த கெத்தும் இலையில் உள்ள மித்ராஜினின், 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதற்காக யாரும் ஆராய்ச்சியை மூடவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் விக்னாசிங்கமும் குழுவினரும் 26 ஆண்களை வைத்து ஆய்வு நடத்தி 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். எது உண்மையான கெத்தும் நீர், எது வெற்று நீர் என்பது குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. வலி தாங்கும் திறன் கெத்தும் குடித்த பிறகு கூடியது. 26 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் மேலே சொன்ன நான்கு விதிகளுக்கும் உட்பட்டது.

கஞ்சாவுக்கும் நம் நாடு இதையே செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். அனுமதி பெற்ற ஆய்வாளருக்குத் தாராளமாக வழி விடுங்கள். பலன் உறுதியானால் மருத்துவமனை வழியாக நோயாளிக்குப் போகட்டும். பழக்கத்தில் சிக்கிய இளைஞனுக்குச் சிறைக்கு முன் சிகிச்சை கிடைக்கட்டும். இந்த மூன்றுக்கும் தெருவில் ஒரு கடை தேவையில்லை.

இனி யாராவது உங்களிடம் "அந்த மாநிலத்தில் அனுமதி இருக்கிறது" என்று சொன்னால், நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த அளவு? யார் அளந்தார்கள்? யாருக்கு, எந்த வயதில்? தவறாகப் போனால் யார் நிறுத்துவார்கள்? நான்குக்கும் அவரிடம் பதில் இல்லையென்றால், அவர் உங்களிடம் சொல்வது விளம்பரம்.